சின்ன மாப்பிள்ளை தோற்ற வழக்கு

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பது நல்லதல்ல என்று பெரிய மாப்பிள்ளைக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். அப்போது அவருக்கு எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் வக்கீல். கொலை, கொள்ளை, விவாகரத்து என்று கோர்ட்டு வராந்தாவில் அலைகிற வக்கீல் அல்ல. கண்ணாடிக் கட்டடம், உறைய வைக்கும் ஏசி, கதவைத் திறந்துவிட ஆள் என்று அமைந்த பெரிய சட்ட நிறுவனமொன்றில் கம்பெனிகளுக்காக வாதாடுகிறவர். ஒரு கம்பெனி ஒரு பொருளைச் செய்து விற்கும். வாங்கியவருக்கு விரல் போகும், பல் போகும், சில சமயம் வீட்டில் பாதி எரிந்துபோகும். அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவார். அப்போது கம்பெனியின் பக்கம் எழுந்து நின்று, போனது விரல்தானா, அது முன்பு இருந்ததற்குச் சாட்சி உண்டா என்று கேட்பதுதான் பெரிய மாப்பிள்ளையின் தொழில்.

அந்த நிறுவனத்துக்கென்று சில முறைகள் உண்டு. வாரத்தின் முதல் நாள் காலையில் எல்லா வக்கீல்களும் கூட்ட அறையில் வரிசையாக நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். "பொருள் நிரபராதி. பயனீட்டாளர் சந்தேகத்துக்குரியவர்." இதைச் சொல்லும்போது வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும். வழக்கில் சிக்கிய பொருளை அறைக்குள் கொண்டுவந்து மேஜையின் தலைமாட்டில் வெல்வெட் துணி மேல் வைப்பார்கள். அது உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் வக்கீல் ஒருவர், தீப்பிடித்த தலைமுடி உலர்த்தி ஒன்று இப்படி மரியாதையோடு ஊர்வலம் வந்ததைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டார். அவர் இப்போது வேறெங்கோ வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நிறுவனத்தின் தலைவரை எல்லோரும் சீனியர் என்றுதான் சொல்வார்கள். அவர் அந்தத் தலைமுடி உலர்த்தியைப் பார்த்துப் பேசியது பெரிய மாப்பிள்ளைக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"கை வெந்தவன் பேசுவான். அவன் பொண்டாட்டி பேசுவா. பத்திரிகைக்காரன் பேசுவான். இது பேசுமா? வாயில்லா ஜீவன் சார் இது. நாலு பேர் சேர்ந்து நீதான் குத்தவாளின்னு சொன்னா, இல்லைங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல இதுக்கு நாதி உண்டா? நாமதான் நாதி."

வக்கீல்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பெரிய மாப்பிள்ளையும் எடுத்தார். அது நடிப்பில்லை. அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அப்போதெல்லாம் அவர் அப்படித்தான் இருந்தார்.

அவரைப் பெரிய ஆளாக்கியது ஒரு மடக்கு நாற்காலி. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதில் உட்கார, அது படக்கென்று மடங்கி அவருடைய இடுப்பெலும்பை உடைத்துவிட்டது. பெரிய மாப்பிள்ளை குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"உக்காரும்போது அந்த நாற்காலியை நம்பித்தானே உக்காந்தீங்க?"

"ஆமாங்க."

"அதுக்கு முன்னாடி அந்த நாற்காலியோட உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"இல்லீங்க, புதுசு."

"அறிமுகமே இல்லாத ஒண்ணை எந்த ஆதாரத்தை வெச்சு நம்பினீங்க?"

தபால்காரர் வெகுநேரம் யோசித்தார். வழக்குத் தள்ளுபடியானது. அந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் 'நம்பிக்கை வாதம்' என்று பெயர் வந்தது. அதன் பிறகு நிறுவனம் எத்தனையோ வழக்குகளில் அதைப் பயன்படுத்தி ஜெயித்தது. மழையில் விரித்ததால் கம்பி பிய்ந்து கண்ணருகே குத்திய குடை, ஏறியதால் உடைந்த ஏணி, படுத்ததால் தீப்பிடித்த மெத்தை என எல்லாமே விடுதலையாகி வெளியே வந்தன. பெரிய மாப்பிள்ளைக்கு ஜன்னல் வைத்த அறை கொடுத்தார்கள்.

இந்த உச்சத்தில் இருக்கும்போதுதான் அவர் மனைவி ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, தங்கச்சி வீட்டுக்காரர் பாவம், சின்னக் கோர்ட்டுல ஈ ஓட்டிக்கிட்டிருக்காரு. உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொன்னார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவர் ஒரு நல்ல நாள் பார்த்துச் செய்தார். சின்ன மாப்பிள்ளையைத் தானே கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சீனியர் முன்னால் நிறுத்தினார். "என் சகலை. கொஞ்சம் வெகுளி. நான் பக்கத்துல வெச்சுப் பழக்கிக்கறேன்" என்றார்.

சின்ன மாப்பிள்ளை வெகுளிதான். சட்டம் அவருக்குச் சுமாராகத்தான் தெரியும். கோப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து வரி படித்துவிட்டு, "எழுத்து சரியா தெரியல" என்று விளக்கைப் போடச் சொல்வார். ஆனால் அவருக்கு ஒரு முகம் இருந்தது. அதைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் கஷ்டத்தையெல்லாம் கொட்ட வேண்டும் போலிருக்கும். முதல் வழக்கிலேயே, எதிர்த்தரப்பில் மெஷினில் சிக்கிக் கால் போன மனிதரைப் பார்த்து, குறுக்கு விசாரணையை நிறுத்திவிட்டு, "ஐயா, ரொம்ப நேரமா நிக்கறீங்க, உக்காருங்களேன்" என்றார். அந்த மனிதர் அழுதுவிட்டார். நீதிபதி மூக்கைச் சிந்தினார். அடுத்து சின்ன மாப்பிள்ளை, "சரிங்கையா, அந்த மெஷினை எந்த ஆதாரத்துல நம்பினீங்க?" என்று மெல்லக் கேட்டார். வழக்குத் தள்ளுபடி.

வக்கீல்கள் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் அந்தக் கேள்வியைப் புகழ்ந்து எழுதினார்கள். 'கருணை வழி நம்பிக்கை வாதம்' என்று அதற்குப் புதுப்பெயர் வைத்து, கண்டுபிடித்தவர் என்று சின்ன மாப்பிள்ளையின் படத்தைப் போட்டார்கள். பெரிய மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒவ்வொரு தடவையும் அதே படம்தான் இருந்தது.

"உங்க கேள்விதான் சகலை, உங்க பேரைப் போடச் சொன்னேன், அவங்க விட்டுட்டாங்க" என்று சின்ன மாப்பிள்ளை நிஜமான வருத்தத்தோடு வந்து சொன்னார். அவர் கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் பெரிய மாப்பிள்ளைக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். வெறுப்பதற்கு ஒரு பிடிமானம்கூடத் தராத மனிதனை என்ன செய்வது?

மாமனார் வீட்டிலும் காற்று திசை மாறியது. முன்பெல்லாம் பெரிய மாப்பிள்ளை உள்ளே நுழைந்தால் மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்திருப்பார். இப்போது செய்தித்தாளுக்கு மேலே கண்ணைத் தூக்கி, "அவர் வரலையா?" என்று கேட்டார். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த சோபா எப்படியோ சின்ன மாப்பிள்ளையின் இடமாகியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் மாமியார், "சின்ன மாப்பிள்ளைக்கு ருசி பார்த்துச் செய்யணும். பெரிய மாப்பிள்ளைக்கு எது போட்டாலும் பிரச்சினையில்லை" என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பல வருஷமாகப் பெரிய மாப்பிள்ளை பாராட்டு என்று நினைத்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "தங்கச்சி கழுத்துல புதுச் சங்கிலி பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாத்தீங்க. நீங்க அதையே பாத்துட்டிருந்ததை நான் பாத்தேன்."

அந்தச் சமயத்தில்தான் கெட்டில் வழக்கு வந்தது.

தண்ணீர் சுட வைக்கும் மின்சாரக் கெட்டில். பார்க்க அன்னம் மாதிரி அழகாக இருக்கும். பெண்களுக்கான அழகு நிலையம் ஒன்றை வீட்டின் முன்னறையில் நடத்திவந்த ஒரு பெண்மணி, அதில் வெந்நீர் வைத்துத் தூக்கியபோது கைப்பிடி கழன்று, கொதிநீர் முழுவதும் அவருடைய வலது கையில் கொட்டிவிட்டது. மூன்று விரல்கள் மடங்குவதில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கடையை மூடிவிட்டார்.

கெட்டில் கம்பெனி பெரிய கம்பெனி. யார் இந்த வழக்கில் ஜெயிக்கிறாரோ அவர் நிறுவனத்தில் பங்குதாரர் ஆவார் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. பெரிய மாப்பிள்ளை புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்தார். கெட்டில் வெல்வெட் துணியில் வந்து அமர்ந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

சீனியர் சொன்னார்: "இந்த வழக்குல அந்தம்மா கையைப் பாத்ததும் கோர்ட்டு இளகிடும். அதனால நாம அவங்களுக்கு முன்னாடி இளகணும். நம்மகிட்ட இளகறதுக்கு ஒரே ஆள்தான் இருக்காரு." சின்ன மாப்பிள்ளையின் தோளில் கைவைத்தார். பிறகு பெரிய மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க பக்கத்துல உக்காந்து அவருக்குப் பக்கம் எடுத்துக் குடுங்க. அவர் கோப்பைத் தலைகீழா பிடிக்காம பாத்துக்கங்க" என்றார்.

கோட்டின் அளவு வீணாகவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் பக்கம் எடுத்துக் கொடுத்தார்.

தன் வழக்கை நிறுவனம் எடுத்துக்கொண்ட சந்தோஷத்தில் கம்பெனி, அலுவலகத்தின் ஒவ்வொரு தளத்துக்கும் இலவசமாக ஒரு கெட்டில் அனுப்பிவைத்தது. கூடவே அதை வடிவமைத்த தலைமை இஞ்சினீயரும் சாட்சி சொல்லும் பயிற்சிக்கு வந்தார். பேசிப் பேசித் தொண்டை வறண்டு, டீ கிடைக்குமா என்று கேட்டார். அலுவலக உதவியாளர் பெருமையாகப் புதுக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். இஞ்சினீயர் பேச்சை நிறுத்தினார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு எழுந்து, ஏதோ ஞாபகம் வந்தவர்போல் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, "வேணாம்பா, நான் டீயை விட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். சாயங்காலம் பெரிய மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவர் எதிர்க் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. பொறாமைக்காரனின் கண்ணுக்கு மட்டும் தூக்கம் கிடையாது. அது எதையாவது பார்த்துக்கொண்டே இருக்கும்.

விசாரணை தொடங்கியது. அழகு நிலையப் பெண்மணி கூண்டில் ஏறி நின்றார். அவருக்காக வந்திருந்தது ஒரே ஒரு வக்கீல். கறுப்புக் கோட்டு சாம்பல் நிறமாகிவிட்ட மனிதர். உதவிக்கு ஆள் இல்லாததால் தன் காகிதங்களைத் தானே பொறுக்கிக்கொண்டிருந்தார். கோர்ட்டில் அவரை ஒத்தை வக்கீல் என்பார்கள்.

சின்ன மாப்பிள்ளை எழுந்தார். "அம்மா, கை இப்ப எப்படி இருக்கு? ராத்திரி தூக்கம் வருதா?"

"குளிருக்குத்தான் இழுக்குதுங்க" என்றார் அந்தப் பெண்மணி.

"ஏசியைக் குறைக்கச் சொல்லலாமா?" என்று நீதிபதியைப் பார்த்தார். ஏசி குறைக்கப்பட்டது. கோர்ட்டு நெகிழ்ந்தது. "அந்தத் தண்ணியை எதுக்கும்மா சுட வெச்சீங்க?"

"ஒருத்தங்களுக்குத் தலை அலசறதுக்கு."

பெரிய மாப்பிள்ளை பக்கம் எடுத்துக் கொடுத்தார். சின்ன மாப்பிள்ளை அதைப் பார்த்துக் கேட்டார்: "கையேட்டுல 'பானங்களுக்கு மட்டும்'னு போட்டிருக்கு. தலை ஒரு பானமாம்மா?"

"இல்லீங்க."

"கெட்டிலை எதைப் பிடிச்சுத் தூக்கினீங்க?"

"கைப்பிடியைங்க."

"ஏம்மா அதைப் பிடிச்சீங்க?"

பெண்மணி அவரைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்தார். "அது கைப்பிடிங்க" என்றார்.

"கையேட்டுல அதுக்குப் பேரு 'பக்கவாட்டு அலங்காரம்'. அது அலங்காரம்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா? ஐயோ பாவம்."

அந்த 'ஐயோ பாவம்' மனப்பூர்வமாக வந்தது. பின்வரிசையில் பார்க்க வந்திருந்த கல்லூரி மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். 'பக்கவாட்டு அலங்காரம்' என்பதை அந்தக் கையேட்டைக் குடைந்து கண்டுபிடித்தது பெரிய மாப்பிள்ளை. ஆனால் இடைவேளையில் எல்லோரும் கை கொடுத்தது சின்ன மாப்பிள்ளைக்கு. ஒரு மாணவி பெரிய மாப்பிள்ளையிடம் வந்து, "சார், அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தர முடியுமா? நீங்க அவரோட குமாஸ்தாதானே?" என்றாள்.

வாங்கிக் கொடுத்தார்.

அன்று மாலை கோர்ட்டின் கழிப்பறையில் ஒத்தை வக்கீல் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய மாப்பிள்ளை பக்கத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. வராத குழாயின் கீழே கையைத் தேய்த்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்கு எங்க இஞ்சினீயர் கூண்டுல ஏறுவாரு. கேள்வியெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்காதீங்க. அவர் கையால ஒரு டீ போட்டுத் தரச் சொல்லுங்க. அந்தக் கெட்டில்லயே."

ஒத்தை வக்கீல் ஈர முகத்தோடு திரும்பினார். "நீங்க எதுக்கு இதை எங்கிட்ட சொல்றீங்க?"

"நீதின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார் பெரிய மாப்பிள்ளை. தொழிலுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லை அவர் கோர்ட்டுக்குள் உச்சரித்தது அதுதான் முதல் தடவை. வாய்க்குள் புதுப் பல் வைத்தது மாதிரி இருந்தது. தன் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்தால் கோட்டைக் கழற்றிவிடுவார்கள் என்று தெரியும். தெரிந்துதான் சொன்னார். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார். சின்ன மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் தோற்று, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மின்விசிறியை விட்டுத் தள்ளி ஓரத்து நாற்காலியில் உட்காருவதுபோல் ஒரு கனவுகூட வந்தது.

மறுநாள் ஒத்தை வக்கீல் எழுந்து, வணக்கம் சொல்லி, டீ கேட்டார்.

இஞ்சினீயர் சிரிக்கப் பார்த்தார். "டீ போடறது என் வேலை இல்லீங்களே."

"கெட்டில் செய்யறது உங்க வேலைதானே? பாதுகாப்பானதுன்னு இப்பதான் சத்தியம் பண்ணிச் சொன்னீங்க. தண்ணியைச் சுட வெச்சு ஒரு கப் ஊத்துங்க போதும்."

எந்த வக்கீலும் இந்த இடத்தில் ஆட்சேபிப்பார். பெரிய மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சின்ன மாப்பிள்ளை மலர்ந்த முகத்தோடு எழுந்தார். "ஆட்சேபணையே இல்லை. தாராளமா ஊத்தட்டும். எங்க கெட்டில் மேல எங்களுக்கு முழு நம்பிக்கை."

இஞ்சினீயர் அவரைப் பார்த்த பார்வையில், நடுக்கடலில் படகைவிட்டுத் தள்ளப்பட்டவனின் திகைப்பு இருந்தது.

"எனக்கும் ஒண்ணு" என்றார் நீதிபதி.

தண்ணீர் கொதித்தது. இஞ்சினீயர் முதலில் கையுறை கேட்டார். பிறகு இன்னொரு ஜோடி கையுறை கேட்டார். கூண்டுக்கு அருகே இருந்த பெண்களைத் தள்ளி உட்காரச் சொன்னார். தட்டச்சர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்களும் கொஞ்சம் பின்னால தள்ளி உக்காந்தா நல்லது" என்றார் நீதிபதியிடம்.

"எதுக்கு?"

"முன்னெச்சரிக்கைதான்."

"எதுலருந்து?"

இஞ்சினீயர் கெட்டிலிடம் கையைக் கொண்டுபோனார். பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடி கொண்டுபோனார். கடைசியில் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவைத்துவிட்டு, "எனக்கு ரெண்டு குழந்தைங்க ஐயா" என்றார்.

பெரிய மாப்பிள்ளையின் உள்ளம் ஜில்லென்று ஆனது. இதோ முடிந்தது.

ஆனால் சின்ன மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டு நேரே கூண்டுக்குப் போனார். "பயந்துட்டீங்க சார், கோர்ட்டுன்னா எல்லாருக்கும் அப்படித்தான். நீங்க உக்காருங்க. நான் ஊத்தறேன்" என்று சொல்லிக் கெட்டிலின் பக்கவாட்டு அலங்காரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

அது கழன்று அவர் கையோடு வந்தது. கெட்டில் அவருடைய வலது காலில் விழுந்தது.

அவர் கத்தவில்லை. ஒருகணம் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு, எதிரே உட்கார்ந்திருந்த அழகு நிலையப் பெண்மணியைப் பார்த்து, "அம்மா, உங்க மேல தெறிக்கலையே?" என்று கேட்டார். அதன் பிறகுதான் விழுந்தார்.

தீர்ப்பு அந்தப் பெண்மணிக்குச் சாதகமாக வந்தது. நஷ்டஈடு, செலவுத்தொகை, கம்பெனிக்குக் கண்டனம் என்று எதுவும் பாக்கியில்லை. ஒத்தை வக்கீல் தன் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு, பெரிய மாப்பிள்ளை இருந்த பக்கமே திரும்பாமல் போனார்.

நிறுவனத்தின் வரலாற்றில் இப்படி ஒரு தோல்வி கிடையாது. ஒரு வாரம் கழித்து, சின்ன மாப்பிள்ளை கட்டுப்போட்ட காலோடு கம்பு ஊன்றி வந்ததும் அவசரக் கூட்டம் கூடியது. பெரிய மாப்பிள்ளை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். இரண்டும் குத்தும்படியானவை.

சீனியர் எழுந்தார்.

"இத்தனை வருஷமா நாம பெரிய தப்பு பண்ணிட்டோம்" என்றார். "ஜெயிச்சிட்டே இருந்தோம். மடக்கு நாற்காலி வழக்குல ஜெயிச்சோம். என்ன ஆச்சு? வழக்கு முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி நமக்கு ஒரு போன் பண்ணிருக்கா? பண்டிகைக்கு ஒரு வாழ்த்து? நன்றி கெட்ட ஜெயிப்பு." இதைச் சொல்லும்போது அவர் பார்வை பெரிய மாப்பிள்ளை மேல் நிலைத்தது. "இப்ப பாருங்க. நம்மாளு ஒரு வழக்குல தோத்தாரு. அந்தக் கெட்டில் வாங்கினவன் அத்தனை பேரும் வழக்குப் போட ஆரம்பிச்சிட்டான். கம்பெனி அலறிக்கிட்டு வந்து எல்லா வழக்கையும் நம்மகிட்டயே குடுத்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மேல்முறையீடு உண்டு. எதிர்க் கட்டடத்தையும் சேர்த்து எடுக்கப் போறோம். ஜெயிச்சு யாரும் இவ்வளவு பெரிய வேலையைக் கொண்டுவர முடியாது. அதுக்கு நெஞ்சுல ஈரம் வேணும். முழு நம்பிக்கையோட தோக்கத் தெரியணும்."

கைதட்டல் அடங்க நேரமானது. சின்ன மாப்பிள்ளை பங்குதாரர் ஆனார். கூச்சத்தோடு எழுந்து, கெட்டில் மேல் தனக்கு எந்த மனவருத்தமும் இல்லை, அதைத் தவறாகப் பயன்படுத்தியது தான்தான், கருணையோடு பயன்படுத்த வேண்டாம் என்று கையேட்டில் ஒருவேளை இருந்திருக்கலாம், தான் படிக்கவில்லை என்றார். வக்கீல்கள் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார்கள்.

பெரிய மாப்பிள்ளை எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்து சின்ன மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே அவரிடம் வந்தார். "சகலை, மேல்முறையீடு எல்லாத்துக்கும் நீங்கதான் எனக்குப் பக்கம் எடுத்துத் தரணும்னு கேட்டு வாங்கியிருக்கேன். நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சந்தோஷம்" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"இன்னொண்ணு. ஜன்னல் ரூமை எனக்குக் குடுத்திருக்காங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"கால் வலியோட எதுக்கு நிக்கறீங்க, போய் உக்காருங்க" என்றார் பெரிய மாப்பிள்ளை. சொல்லி முடித்த பிறகுதான், அது தயார் செய்து வைத்திருந்த இரண்டு வாக்கியங்களில் எதுவும் இல்லை என்று அவருக்கு உறைத்தது.

சில மாதம் கழித்து அந்தப் பெண்மணி கடைத்தெருவில் புதிதாக அழகு நிலையம் திறந்தார். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து, தான் பக்கத்தில் நின்று எப்படி வெட்ட வேண்டும் என்று வாயால் சொல்லி நடத்தினார். கூட்டம் வர ஆரம்பித்தது. பெரிய மாப்பிள்ளையின் மனைவிக்கும் தகவல் எட்டியது. "நம்ம வழக்குல வந்த அம்மாதானே, வாங்க போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். 'நம்ம வழக்கு' என்று அவள் சொன்னது தங்கச்சி வீட்டுக்காரரின் வழக்கு என்ற அர்த்தத்தில்.

போகும் வழியெல்லாம் பெரிய மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. தன் தொழில் வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதருக்கு நல்லது செய்திருக்கிறார். அது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்குமோ? ஒத்தை வக்கீல் வாய்தவறிச் சொல்லியிருப்பாரோ? தெரிந்தால் ஆபத்து. தெரியாவிட்டாலோ, அதைவிட ஆபத்து போலிருந்தது. கார்க் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார்.

மனைவிக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு வழக்கைப் பற்றித் திரும்பியது.

"எனக்கு யார் நல்லது பண்ணாங்கன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றார் அந்தப் பெண்மணி.

பெரிய மாப்பிள்ளை புரட்டிக்கொண்டிருந்த பத்திரிகையை இறக்கினார்.

"எங்க வக்கீல் ஒருநாள் சொன்னாரு. அந்த டீ விஷயம் அவரா யோசிச்சது இல்லையாம். அந்தப் பக்கத்துலருந்து யாரோ மனசு கேக்காம வந்து சொல்லிக் குடுத்தாங்களாம். பேரை மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. சொன்னா அவங்க வேலை போயிருமாம்."

"அப்படியா?" என்றாள் மனைவி, கண்ணாடி வழியாக.

"பேர் சொல்லணுமா என்ன? எனக்குத் தெரியாதா? ஏசியைக் குறைக்கச் சொன்னாரே, அவருதான். எதிர்ப்பக்கம் நின்னுக்கிட்டு எப்படியாவது என்னை ஜெயிக்க வெச்சுடணும்னு பாத்திருக்காரு. இஞ்சினீயர் மாட்டேன்னதும் தானே போய்த் தூக்கினாரு பாருங்க. கால் வெந்து கீழ விழறப்பக்கூட என் கையைத்தான் பாத்தாரு."

மனைவி பூரித்துப்போனாள். "அவர் எங்க வீட்டு மாப்பிள்ளைதான். என் தங்கச்சி வீட்டுக்காரர்" என்றாள்.

பெரிய மாப்பிள்ளை வாயைத் திறந்தார். 'அது நான்' என்று நாலு எழுத்துக்கு மேல் ஆகாத விஷயம். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கோட்டுப் போகும், வேலை போகும், வீட்டில் மானம் போகும். எதற்காகச் சொல்லிக் கொடுத்தாய் என்று யாராவது கேட்டால், அதற்கும் ஒரு பதில் வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண்மணி அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தார். "சாரை எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. சார் யாரு?"

கோர்ட்டில் இரண்டு நாளும் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "நான் அவருக்குச் சகலை."

பெண்மணி அவசரமாகக் கைகளைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் கூப்பினார். வலது கையின் மூன்று விரல்கள் சேராமல் விலகி நின்றன.

"அந்தப் புண்ணியவான்கிட்ட என் வணக்கத்தைச் சொல்லிடுங்க சார்."

"சொல்றேன்" என்றார் பெரிய மாப்பிள்ளை.

இன்றுவரை சொல்லவில்லை.